டெல்லி அத்தை பேசலாம்

இப்போதெல்லாம் நான் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், வீட்டில் ஆளுக்கொரு பக்கமிருந்து ஓடி வருகிறார்கள். "முட்டி வலிக்குதா?" "தண்ணி வேணுமா?" "நீங்க உக்காருங்க, நாங்க எடுத்துத் தர்றோம்." உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரியும். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் புகார் வராமல் இருக்காது. எழுந்து நிற்கிறவளுக்கு ஏதோ சொல்ல இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. முட்டிதான் தோன்றுகிறது.

யாராவது என் தோளை அமுக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் எனக்கு டெல்லி அத்தை ஞாபகம் வந்துவிடுகிறது.

அப்போது நாங்கள் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் இருந்தோம். சிட்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், இன்ஜின் ஷன்டிங் செய்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்கும் தூரத்தில் வீடு. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரித்தூள் உட்காரும். அம்மா தினமும் ரயில்வேயைத் திட்டிக்கொண்டே துணி உதறுவாள். மைசூர் ராஜ்யம் இன்னும் கர்நாடகம் என்று பெயர் மாறவில்லை. அப்பா செக்ரடேரியட்டில் உத்தியோகம். அப்பாவின் அப்பாவும் மகாராஜா காலத்துச் சர்க்கார் உத்தியோகம். அதனால் எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், கோபம் வந்தால் கன்னடம், பெருமை வந்தால் இங்கிலீஷ்.

டெல்லி அத்தை அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். பிறகு, நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத டெல்லியில் ஒரு சபை கூடியபோது, மதராஸ் பக்கத்திலிருந்து அதற்கு உறுப்பினராகப் போனார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் இருந்த ஒருசில பெண்களில் ஒருத்தர். சட்டம் எழுதி முடித்த பிறகும் டெல்லியிலேயே தங்கிவிட்டார். ஒரு வருடம், அங்கே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெங்களூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது இருக்கும்.

அவர் வந்து இறங்கியது அவரைக்காய்ப் பருவத்தில். பெங்களூரில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மார்கழிப் பனி விழுந்ததும் ரோட்டோரம் கோணி கோணியாக அவரை வந்து குவியும். உரித்தால் விரலெல்லாம் ஒரு பிசுக்கு, ஒரு வாசனை. கன்னடத்தில் சொகடு என்பார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் நோட்டைப் பிரித்தால் அதிலும் அடிக்கும். உரித்த கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்து அம்மா வைக்கும் குழம்பு இருக்கிறதே, அதை அப்புறம் சொல்கிறேன். சொல்லாமலும் போகலாம், இப்போதே நாக்கு ஊறுகிறது.

அத்தை கதர்ப் புடவை கட்டியிருந்தார். கையில் நீல மூடி போட்ட ஒரு பிளாஸ்க். குள்ளமான உருவம், பெரிய கண்ணாடி. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நாட்டுக்குச் சட்டம் எழுதின கைங்க இது" என்பார். வந்தவர்கள் அத்தையின் கையைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். நகக்கண்ணில் அவரைக்காய்ப் பிசுக்கோடு, எங்கள் அம்மா கை மாதிரியேதான் இருக்கும்.

எதிர்வீட்டு வக்கீல் மூன்றாம் நாளே வந்துவிட்டார். கன்னடக்காரர்; எங்களோடு தமிழ் பேசுவார். "அம்மாவ்ரே, நீங்களே நியாயம் சொல்லணும். பக்கத்து வீட்டுக்காரன் காம்பவுண்டு சுவத்த என் பக்கம் தள்ளிட்டான்."

"நான் எழுதினது நாட்டோட சட்டம் சார். சுவத்தோடது வேற எங்கியோ இருக்கும், தேடிப் பாருங்க" என்று அத்தை அவரை காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

அத்தையிடம் ஒரு பழக்கம் இருந்தது. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். திடீரென்று எழுந்து நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார். சும்மா நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, தானே உட்கார்ந்துவிடுவார்.

முதல் தடவை அது நடந்தது அவரை உரிக்கும்போது. நடுவில் காய்க் குவியல், சுற்றி அம்மா, அத்தை, நான். அப்பா நாற்காலியில் பேப்பரோடு அமர்ந்து, விலைவாசி பற்றி அம்மாவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை எழுந்தார். மடியில் இருந்த கொட்டையெல்லாம் தரையில் சிதறி உருண்டது.

"ஐயோ, முட்டி புடிச்சுக்கிச்சா அண்ணி?" என்று அம்மா பதறினாள்.

"டெல்லிக் குளிரு, எலும்புக்குள்ள போயிருக்கும்" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கே அம்மா இலவம்பஞ்சில் ஒரு தலையணை தைத்தாள். உறையில் பச்சைக் கிளி ஒன்று. கிளியின் மூக்குக்குச் சிவப்பு நூல் தீர்ந்துபோய் ஆரஞ்சில் முடித்திருந்தாள். அதற்குப் பிறகு அத்தை எப்போது எழுந்தாலும் வீடே "தலகாணி, தலகாணி" என்று ஓடும். அவருக்கு அடியில் கிளியைத் தள்ளி உட்கார வைத்துவிடுவோம். எழுந்தவர் வாயைத் திறந்ததே இல்லை. வாயுக்கோளாறு என்று ஒருநாள் பெருங்காய மோர்கூடக் கொடுத்தாள் அம்மா. அத்தை அதையும் வாங்கிக் குடித்தார்.

இந்த இடத்தில் அக்காவைச் சொல்லவேண்டும். இது அவளுடைய கதையும்தான்.

அக்கா கடிகாரம் செய்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். பெங்களூரில் அந்தக் காலத்தில் பெண்களை எடுத்த நல்ல வேலை அது. விடிந்ததும் ஃபேக்டரி பஸ் ரோட்டு முனைக்கு வரும். போய் உட்கார்ந்தால், ஒரு கண்ணில் குப்பி மாதிரி உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மயிரிழை இடுக்கியால் சின்னச் சின்னச் சக்கரத்தைப் பொருத்தவேண்டும். சாயங்காலம் வரும்போது அவள் வலது கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தடம் இருக்கும். நான் விரலால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவுவேன். "கடைசிச் சுருளைப் போட்டதும், அதுவரைக்கும் செத்துக் கெடந்தது குபுக்குன்னு துடிக்கும் பாரு" என்பாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அந்தத் துடிப்பைப் பற்றித்தான் பேசுவாள்.

அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பாங்கில் வேலை. நல்ல குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது. அப்பா சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவைக் கேட்கவில்லை. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. அதை எல்லாரும் சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த வாரமெல்லாம் அம்மா தினமும் ராத்திரி அவள் கண் தடத்தில் விளக்கெண்ணெய் தடவினாள், பெண் பார்க்க வரும்போது தெரியக்கூடாது என்று.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அத்தை கொல்லைப்புறம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தலகாணி வேணுமா அத்தை?"

அவர் தலையாட்டினார், வேண்டாமென்று. நின்றுகொண்டே இருந்தார். எனக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"என்னா அத்தை? சொல்லுங்க."

"அப்பாடா" என்றார். "இந்த வீட்டுக்கு வந்து மொதல் தடவையா ஒருத்தி கேட்டா. உங்கம்மா குழம்புக்கு எஞ்சி போட்டா இன்னும் நல்லா இருக்கும்." எஞ்சி என்றால் டெல்லியில் எதுவோ என்று நினைத்தேன். இஞ்சியைத்தான் சொன்னார், பல்செட் அன்றைக்குக் குளியலறையில் இருந்தது.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். சட்டம் எழுதின அந்தப் பெரிய சபையில் நினைத்த நேரத்தில் பேசிவிட முடியாது. எழுந்து நிற்கவேண்டும். தலைவர் பார்த்து, "நீங்கள் பேசலாம்" என்று கூப்பிடும்வரை நிற்கவேண்டும். பார்வை படவில்லை என்றால் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழவேண்டும். வருடக்கணக்கில் அப்படி எழுந்து எழுந்து, அது உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "சொல்ல ஏதாவது இருந்தா கால் தானா எழுந்துக்குது. உங்க வீட்டுல தலைவர் நாற்காலில யாரும் இல்ல. இருக்கறது தலகாணி மட்டும்தான்."

நான் அன்றைக்கே தலைவர் ஆகிவிட்டேன். யாரும் நியமிக்கவில்லை, நானே ஆனேன். அத்தை எழுந்தால், எங்கே இருந்தாலும் கத்துவேன்: "டெல்லி அத்தை பேசலாம்!" அவர் கைகூப்பி, "நன்றி தலைவர் அவர்களே" என்று தொடங்கி, "ரசத்துல உப்பு கம்மி" என்பார். பெரியவர்கள் இதை எனக்காக அத்தை ஆடுகிற விளையாட்டு என்று நினைத்தார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பெரியவங்ககிட்ட என்ன பழக்கம் இது? ஸும்னே இரு!" என்று கன்னடத்துக்கு மாறிவிட்டார்.

ஒருநாள் கேட்டேன், "நீங்க பேசிட்டிருக்கும்போது வேற யாராவது எழுந்தா?"

"பேசறவங்க உட்காந்து வழிவிடலாம். விட்டா அவங்க பேசுவாங்க."

"நீங்க வழி விட்டிருக்கீங்களா?"

"ஒரு தடவை விட்டேன்." அத்தை பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றினார். "பெண்களைப் பத்தி ஒரு விஷயம். ராத்திரியெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். நான் ஆரம்பிச்சதும் ஒரு பெரிய மனுஷர் எழுந்தார். மரியாதைக்கு உட்காந்தேன். அவர் பேசினார், பேசினார், சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் பேசினார். என்னைப் பத்தித்தான் பேசினார்."

"நல்லாப் பேசினாரா?"

"ரொம்ப நல்லா. எனக்கு என்ன வேணும்னு என்னைவிட நல்லாச் சொன்னார். ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல."

என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். "போடி, உனக்கெதுக்கு?" என்று சிரித்துவிட்டு வெந்நீரைக் குடித்தார்.

பெண் பார்க்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அப்பா அத்தையிடம் வந்து தரையில் உட்கார்ந்தார். அப்பா தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

"அக்கா, நாளைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். பையனோட அம்மா, குடும்பத்துல பெரியவங்க வாயால கேக்கணும்ங்கறாங்க. பொண்ணு வேலைய விட்டுடுவான்னு நீங்க சபையில சொல்லிட்டா போதும். நாட்டுக்கே சட்டம் சொன்னவங்க சொன்னா யாரு மறுப்பாங்க?"

"அவகிட்ட கேட்டியா?"

"அவ சின்னப் பொண்ணுக்கா. அவளுக்கு என்ன தெரியும்?"

அத்தை பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். பிறகு, "நாளைக்கு எழுந்துக்கறேன்" என்றார். அப்பா நிம்மதியாகப் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் புடவை மடித்துக்கொண்டிருந்த அக்கா, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. கேசரி, போண்டா, நெய் வாசனை. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. பெரியப்பா ஜரிகைப் பேட்டா கட்டிக்கொண்டு வந்திருந்தார், மைசூர்த் தலைப்பாகை. அக்கா பாதாம் நிறத்துப் பட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள். விளக்கெண்ணெய் வேலை செய்யவில்லை. வலது கண்ணைச் சுற்றி வட்டம் அப்படியே இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா விஷயத்துக்கு வந்தார். "எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாங்க. அந்த வேலை விஷயம் மட்டும் பெரியவங்க ஒரு வார்த்தை..."

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை எழுந்தார்.

பழக்கதோஷம் பாருங்கள், அம்மா உள்ளே ஓடி, கிளித் தலையணையோடு வந்துவிட்டாள். "உக்காந்துக்கிட்டே சொல்லுங்க அண்ணி, முட்டி..." மாப்பிள்ளையின் பெரியப்பாவும், "பரவால்ல தாயி, உக்காருங்க" என்றார். அத்தை உட்காரவில்லை. பேசவும் இல்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஸ்டேஷன் பக்கம் ஒரு இன்ஜின் நீளமாகக் கூவி ஓய்ந்தது. அப்பாவின் முகம் சிவந்துகொண்டு வந்தது. அத்தையின் கண் கடைசியில் ஜன்னலோரம் இருந்த என்னிடம் வந்து நின்றது.

எனக்குப் பயம்தான். ஆனாலும் நான் தலைவர் இல்லையா.

"டெல்லி அத்தை பேசலாம்" என்றேன்.

"நன்றி தலைவர் அவர்களே" என்றார் அத்தை, கைகூப்பி. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னை ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. சொல்லலாம்னுதான் எழுந்தேன். ஆனா இது என் விஷயம் இல்ல." அக்காவின் பக்கம் திரும்பினார். "நான் உனக்கு வழிவிடறேன்மா. நீ பேசு."

சொல்லிவிட்டு, கிளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அவள் எழமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு பட்டுப்புடவை சரசரத்தது. எழுந்து நின்றாள். நின்றவள் என்னைப் பார்த்தாள்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அக்கா பேசலாம்."

"நான் வேலைய விடறேன்னு யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல" என்றாள் அக்கா. "நான் சொல்லல. நான் விடல." கொஞ்சம் யோசித்து, "போண்டா ஆறிடும், சாப்பிடுங்க" என்று முடித்தாள்.

"ஆயித்து, பேச்சு முடிஞ்சுது" என்று பெரியப்பா பேட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மாப்பிள்ளையின் அம்மா, "நல்லாப் பேசக் கத்துக்கொடுத்திருக்கீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். மாப்பிள்ளை மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "அந்தக் கண்ணாடிய நாள்பூரா இடுக்கிட்டிருந்தா தல வலிக்காதா?" என்று அக்காவைக் கேட்டார். "பழகிடும்" என்றாள் அக்கா. நல்ல பையன்தான் போலிருக்கிறது. பெரியப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அத்தையிடம் கத்தவில்லை. அதைவிட மோசமாக, மரியாதையாகப் பேசினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஆமா, முடிஞ்சிருக்கும்" என்றார் அத்தை.

அதற்குமேல் அப்பா பேசவில்லை. அத்தை தங்கியிருந்த மிச்ச நாளெல்லாம் பேப்பருக்குப் பின்னாலேயே இருந்தார். அத்தையும் அந்த நாட்களில் எழவே இல்லை. என் தலைவர் பதவிக்கு வேலையில்லாமல் போனது. அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் குழம்பில் இஞ்சி சேர்த்தாள். அக்கா எப்போதும்போல விடிந்ததும் பஸ்ஸுக்குப் போனாள், கண்ணில் வட்டத்தோடு திரும்பினாள்.

அவரைக்காய்ப் பருவம் முடிந்து அத்தை கிளம்பினார். ஸ்டேஷனுக்கு எல்லாரும் நடந்தே போனோம், அவ்வளவு பக்கம். அப்பா சாமான்களை வண்டியில் ஏற்றினார், தண்ணீர் பிடித்துக் கொடுத்தார், எல்லாம் செய்தார், வாயைத் திறக்காமல். கார்டு பச்சைக்கொடியை எடுத்தார். அப்போது அத்தை சீட்டிலிருந்து எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். தொண்டையைச் செருமி, பிளாட்பாரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "பேசலாங்கக்கா."

அத்தை கைகூப்பினார். "நன்றி தலைவர் அவர்களே. இந்தத் தலகாணிய நான் எடுத்துட்டுப் போகலாமா?"

அப்பா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வண்டி நகரத் தொடங்கியது. கிளித் தலையணையை ஜன்னலில் தூக்கிக் காட்டினார் அத்தை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சில வருடங்களில் டெல்லியிலேயே காலமானார். கிளி என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீல மூடி பிளாஸ்க்கும் அப்படித்தான். நாட்டின் சட்டத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். கிளியைத்தான் பார்க்கமுடியாது.

அக்கா அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்தாள். நடுவில் கல்யாணமும் ஆனது, அதே ஃபேக்டரியில் அடுத்த பிரிவில் இருந்தவரோடு. அப்பா கடைசிவரை அக்கா பூட்டிய ஒரு கடிகாரத்தைக் கட்டியிருந்தார். மணி கேட்டவர்களிடம் மணியைச் சொல்லாமல், "என் பொண்ணு பண்ணின வாட்ச்" என்பார். நாட்டுக்குச் சட்டம் எழுதின கை என்று சொன்ன அதே குரலில்.

போன மாதம் பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டுக்காரர் போனபிறகு தனியாக இருக்கிறாள். ஹைதராபாத்திலிருந்து அவள் மகனும் மருமகளும் வந்திருந்தார்கள்; இன்னும் நாலைந்து பேர் கூடத்தில். அம்மாவை ஹைதராபாத்துக்குக் கூட்டிப்போய்விடுவது, இந்த வீட்டை வாடகைக்கு விடுவது என்று மகன் பேசிக்கொண்டிருந்தான். பாசமான பிள்ளை. எந்த அறை, எந்த டாக்டர், எல்லாம் யோசித்து வைத்திருந்தான். அக்காவைத் தவிர எல்லாரும் பேசினார்கள்.

அக்கா எழுந்தாள்.

"முட்டி வலியாம்மா? உக்காருங்க, உக்காருங்க" என்றான் மகன். மருமகள் தலையணையைத் தேடினாள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வீடே கேட்கும்படி சொன்னேன்: "அக்கா பேசலாம்!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் பாத்ரூம் போக எழுந்தேன்டி" என்றாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள். மகன் மறுபடி ஹைதராபாத் பேச்சுக்குப் போய்விட்டான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அக்கா திரும்பி வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மருமகள் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, "வாங்க அத்தே, உக்காருங்க" என்றாள்.

அக்கா உட்காரவில்லை. என்னைப் பார்த்தாள்.